ஏழு மணி ஆறு நிமிடம்

ஆறு இருபது. ஏழு மணிக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருக்கிறது, நாற்பது நிமிடத்தில் ஒரு கல்யாணம் என்ன, ஒன்றரைக் கல்யாணமே செய்து வைக்கலாம், பெண் மட்டும் வந்துவிட்டால். மாப்பிள்ளை நாலு மணிக்கே வந்தாயிற்று. கோட்டும் டையுமாக முன் பெஞ்சில் உட்கார்ந்து கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துத் துடைத்து இப்போது கைக்குட்டையைத்தான் யாராவது துடைக்க வேண்டும். பாடகர் குழு ஐந்தாவது பாட்டை எடுத்துவிட்டது, சரக்கு தீர்ந்துபோய் இது கிறிஸ்துமஸ் பாட்டு, கேட்பாரில்லை. நான் வெள்ளை அங்கியில் பலிபீடத்துப் படியில் கைகளைக் கோத்துக்கொண்டு நிற்கிறேன். ஐயர் ஜெபத்தில் இருக்கிறார் என்று சபை நினைத்துக்கொண்டிருக்கிறது. எங்கள் பக்கத்தில் பாதிரியாரை ஐயர் என்றுதான் சொல்வார்கள், தங்கையா ஐயர், முப்பது வருட ஊழியம், ஐம்பத்தெட்டு வயது. ஐயர் ஜெபத்தில் இல்லை, ஐயர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மேற்கு வாசலுக்கு மேலே, எனக்கு நேர் எதிரே, சபையின் முதுகுக்குப் பின்னால் தொங்குகிறது அது. இந்தக் கோயிலில் உட்கார்ந்த இடத்திலிருந்து யாருக்கும் அது தெரியாது, நிற்கிற எனக்கு மட்டும் தெரியும். மணி அடிக்கும் நாக்கு எப்போதோ போய்விட்டது, முள் மட்டும் ஓடும். அதுவும் ஆராதனை நாளுக்கும் கல்யாணத்துக்கும்தான், கோயிலைப் பார்த்துக்கொள்கிற கோயில்பிள்ளை மாசிலாமணி ஏணி போட்டு ஏறிச் சாவி கொடுப்பார், மற்ற நாளெல்லாம் அதற்கு ஓய்வு. என் கைக்கடிகாரமும் செல்போனும் வீட்டு மேஜையில் இருக்கின்றன. ஆண்டவர் முன்னால் நிற்கும்போது மணிக்கட்டில் இன்னொரு எஜமான் எதற்கு என்று இருபத்தெட்டு வயதில் ஒரு வைராக்கியம் எடுத்தேன், அங்கி போடுமுன் இரண்டையும் கழற்றி வைத்துவிடுவது என்று. நல்ல வைராக்கியம்தான், இன்றைக்கு மட்டும் அது இல்லாமல் இருந்திருக்கலாம்.

ஏழு மணிக்கு என்ன என்று இந்த பெஞ்சில் இருப்பவர்களைக் கேட்டால் பிரியாணி ஆறிவிடும் என்பார்கள். என் முதுகுக்குப் பின்னால், பதிவேடு வைக்கிற சின்ன அறையில், கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு தாள் தொங்குகிறது, யாரோ ஒரு பழைய ஐயர் தட்டெழுதி மாட்டியது. கிறிஸ்தவத் திருமணச் சட்டம், வெள்ளைக்காரன் போட்டது, இன்றும் அதுதான். காலை ஆறு மணிக்கும் மாலை ஏழு மணிக்கும் நடுவில்தான் கல்யாணம் செய்து வைக்க வேண்டும், மீறினால் செய்து வைத்தவருக்கு மூன்று வருடம் வரை சிறை, அபராதம் தனி. விசேஷ அனுமதி உள்ள சபைகள் உண்டாம், எங்களுக்குக் கிடையாது. அதிகாரமே இல்லாமல் கல்யாணம் செய்து வைக்கிறவருக்கு அதே சட்டத்தில் பத்து வருடம் வரை போட்டிருக்கிறது. அதிகாரம் உள்ளவன் நேரம் தவறினால் மூன்றுதான், தண்டனையிலும் நமக்கு ஒரு சலுகை. இதில் அழகு என்னவென்றால் கல்யாணம் செல்லும். நேரம் தப்பியது என்ற ஒரே காரணத்துக்காக அது செல்லாமல் போகாது என்று அதே சட்டம் சொல்கிறது. பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரு குறையும் இல்லை, சாப்பிட்டுவிட்டு கார் ஏறிப் போகலாம், வேறொரு வண்டியில் ஏறுகிறவன் நான் ஒருவன்தான். ஏன் ஏழு என்று பல தடவை யோசித்திருக்கிறேன். இருட்டில் திருட்டுக் கல்யாணம் நடந்துவிடக் கூடாது என்று பயந்திருப்பார்கள். அல்லது சட்டம் எழுதிய துரைக்கு ஏழரைக்குச் சாப்பாடாக இருக்கும். இருட்டைப் பற்றிச் சொன்னால், மேற்கு ஜன்னலில் இன்னும் வெயில் கிடக்கிறது, ஆறே காலுக்கு மேல் ஆகியும் இவ்வளவு வெயில். மாசியில் பொழுது நீளும்தான், ஆனாலும் பெண்ணுக்குத் துணையாகச் சூரியனும் இன்று தாமதம் போலிருக்கிறது.

நாளைக்கு வைத்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம், மாப்பிள்ளையின் சித்தப்பா அதைத்தான் அரை மணி நேரத்துக்கு முன் கேட்டார். நாளை சாம்பற்புதன். நாளையிலிருந்து ஈஸ்டர் வரை தபசுகாலம், எங்கள் சபையில் கல்யாணம் கிடையாது. அதனால்தான் இந்த வாரத்தில் மூன்று கல்யாணம், எல்லோரும் கதவு சாத்துமுன் உள்ளே வந்துவிடப் பார்க்கிறார்கள். மாப்பிள்ளை ஜெபத்துரை கப்பலில் சமையல்காரன், இன்னும் பத்து நாளில் கப்பல் ஏறியாக வேண்டும், ஏறினால் அடுத்த வருடம்தான் இறங்குவான். ஏற்கெனவே இரண்டு தடவை தேதி குறித்து இரண்டு தடவையும் கப்பல் வரவில்லை. பெண் கெத்சியாள் ஆரம்பப் பள்ளி டீச்சர், இந்த ஞானமணிபுரத்திலேயே வகுப்பில் அதட்டாமல் அமைதி வாங்கத் தெரிந்த ஒரே ஆள். அந்தப் பெண் இன்னும் ஒரு வருடம் காத்திருப்பாள், காத்திருக்கத் தெரிந்தவள்தான். ஆனால் எதற்காகக் காத்திருக்க வேண்டும்? நான் ஒரு பெட்டியின் மூடியை மாற்றி வைத்ததற்காகவா? இதோ, வந்துவிட்டேன், இந்த இடத்துக்கு வராமல் சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தேன். தப்பு என்னுடையது. பெண் ஒன்றும் அலங்காரத்துக்காகத் தாமதிக்கவில்லை. சேலைக்காகத் தாமதிக்கிறாள், சேலை தாமதமானது என்னால். இதைச் சபைக்குச் சொல்லலாம் என்று ஐந்தரைக்கு வாயைத் திறந்தேன், பாடகர் குழுத் தலைவி அதைப் பாட்டுக்கு ஜாடை என்று நினைத்து ஆர்மோனியத்தை அமுக்கிவிட்டாள்.

எங்கள் சேகரத்து, அதாவது இந்தப் பக்கத்துச் சபைகளின் வழக்கம் இது. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்போம், இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் நிச்சயம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று. மூன்றாம் ஓலை அன்று மாப்பிள்ளை வீட்டார் கூறைச்சேலையைப் பெட்டியோடு ஐயர் வீட்டில் கொண்டுவந்து கொடுப்பார்கள், ஜெபித்து வைக்க. கல்யாண நாளன்று பெண் வீட்டார் வந்து வாங்கிப்போக வேண்டும், கடையில் பார்த்திருந்தாலும் அதுவரை பெண் அதை மறுபடி பார்க்கக் கூடாது. இந்த ஞாயிறு மூன்று பெட்டி வந்தது, மூன்றும் ஒரே கடை, மூன்றும் ஒரே சிவப்பு அட்டைப் பெட்டி. என் மனைவி எப்சிபாய் சமர்த்து, உடனே மூன்று துண்டுக் காகிதத்தில் பெயர் எழுதி மூடியில் ஒட்டிவிட்டாள். மூடியில். நான் அதோடு விட்டிருக்கலாம். ராத்திரி ஜெபத்துக்கு முன் மூடிய பெட்டிக்கு ஜெபித்தால் சேலைக்குப் போய்ச் சேருமா என்று எனக்கு ஒரு சந்தேகம். முப்பது வருடத்தில் வராத சந்தேகம் அன்றைக்கு வந்தது. மூன்று மூடியையும் எடுத்துக் கட்டில் மேல் வைத்துவிட்டு, மூன்று சேலை மேலும் கை வைத்து, ஒவ்வொரு பெண்ணுக்காகவும் உருக்கமாக ஜெபித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு மூடிகளை எடுத்துப் போட்டேன். ஒரு பெட்டி நேற்றே சரியான வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. இன்று காலை பதினோரு மணிக்கு மேலக்குளத்துக் கிளைச்சபையில் ஒரு கல்யாணம், அந்தப் பெண் சந்தன நிறத்தில் ரோஜாக் கரை போட்ட சேலையில் வந்து நின்றாள், கல்யாண அவசரத்தில் அங்கே யாரும் வித்தியாசம் சொல்லவில்லை, நல்ல சேலை என்று நானே மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். மத்தியானம் மூன்றரைக்குக் கெத்சியாள் தன் பெட்டியைத் திறந்தால் உள்ளே மாம்பழ மஞ்சள். சந்தன நிறம் அவளும் அவனும் சேர்ந்து எடுத்தது. அவன் ஏதோ ஒரு துறைமுகத்தில் இருந்தான், இவள் கடைக்குள்ளிருந்து போனில் ஒவ்வொரு சேலையாகக் காட்ட, நாற்பத்து இரண்டாவது சேலைக்கு அவன் இதுதான் என்றான். இதை எனக்குச் சொன்னது எப்சி. அவளும் மற்றவர்கள் போல, எதை உடுத்தால் என்ன பிள்ளே, நேரமாகுது என்றுதான் முதலில் சொல்லப் போனாளாம். கெத்சியாள் அழவும் இல்லை, சத்தம் போடவும் இல்லையாம், அவர் பார்த்த சேலையைக் கட்டிக்கொண்டுதான் வருவேன், நீங்கள் பாட்டுப் பாடிக்கொண்டிருங்கள் என்று மட்டும் சொன்னாளாம். உடனே வேன் மேலக்குளத்துக்கு ஓடியது. காலையில் தாலி கட்டிக்கொண்ட ஒரு பெண்ணிடம் போய், உன் உடம்பில் இருக்கிற சேலை எங்களுடையது, கழற்றித் தா என்று கேட்க வேண்டும். அந்த உரையாடல் எப்படி நடந்திருக்கும் என்று நினைத்தால் இந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. உதட்டைக் கடித்துக்கொள்கிறேன், ஐயர் ஆவியில் நிறைந்துவிட்டார் என்று மூன்றாவது வரிசை அம்மாள் கண்ணை மூடிக்கொள்கிறாள்.

ஆறு முப்பத்தாறு. ஏசுவடியான் சார் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிறார். பார்த்துவிட்டுச் சிரிக்கிறார். எப்சியை விட்டால் இந்தக் கோயிலில் ஏழு மணி விவரம் தெரிந்த இன்னொரு ஆள் அவர்தான். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், முன்னாள் சபைச் செயலர், மனு எழுதுவதில் சிங்கம். எங்கள் ஆட்கள் கோயிலுக்கு வருகிற அளவுக்குக் கோர்ட்டுக்கும் போவார்கள், அதில் சார் எல்லோருக்கும் அண்ணன். ஒலிபெருக்கி வாங்கினேன், மனு. ஒலிபெருக்கி கெட்டுப்போனது, மனு. நாலு வருடத்துக்கு முன் பேராயருக்கு ஒன்று எழுதினார், தங்கையா ஐயரின் பிரசங்கம் ஐம்பத்தைந்து நிமிடம் போகிறது, முதியோர் பசி தாங்காமல் தவிக்கிறார்கள் என்று. அதில் உண்மை இருந்தது, என் பிரசங்கம் எப்போதும் மூன்று குறிப்பு, மூன்றாம் குறிப்புதான் உயிர், முதல் இரண்டும் அதற்குப் படி. அதற்குப் பிறகு என்ன ஆனதோ, நேரத்தைப் பற்றி அவர் ஒரு மனுவும் எழுதவில்லை. நானும் என்னமோ, மணி அடித்து ஆரம்பித்து இரண்டாம் குறிப்பின் வாலில் நிற்கும்போதே எதிரே பத்து மணி ஆகிவிடும், மூன்றாவதைச் சுருட்டி வைத்துக்கொண்டு ஆசீர்வாதம் சொல்லிவிடுவேன். வயதாக ஆகப் பேச்சு மெதுவாகிறது என்று நினைத்துக்கொள்வேன். நாலு வருடமாகச் சொல்லாத மூன்றாம் குறிப்புகள் ஒரு நோட்டு நிறையக் கிடக்கின்றன. கெத்சியாளுக்கு சார் தாய்மாமன், இன்று சாட்சிக் கையெழுத்தும் அவர்தான் போடுகிறார். அதனால் விட்டுவிடுவார் என்று நினைக்க முடியாது. சொந்த மகன் கல்யாணத்தில் பந்தி ஒழுங்காக நடக்கவில்லை என்று மண்டபத்துக்காரர் மேல் கேஸ் போட்டவர். கல்யாணம் செல்லும் என்பதும் அவருக்குத் தெரியும், அதனால் மருமகளை வாழ்த்திவிட்டு என் மேல் நிம்மதியாக மனு எழுதலாம். அந்தச் சிரிப்புக்கு வேறு என்ன அர்த்தம்?

மூன்று வருடம். வரை, மூன்று வருடம் வரை, அந்த வரை என்ற சொல்லில் எவ்வளவு இரக்கம் இருக்கிறது, ஒரு நாளாகவும் இருக்கலாம். ஜெயில் எனக்குப் புதிதில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் மாவட்டச் சிறைக்குக் கேக் எடுத்துக்கொண்டு போய்ப் பிரசங்கம் செய்கிறவன். யோசித்துப் பார்த்தால் நான் மூன்று குறிப்பையும் முழுசாகப் பேசி முடிக்கிற ஒரே இடம் அதுதான், அங்கே யாரும் எழுந்து போக முடியாது. போன தடவை ஒரு கிழவர், கொலைக் கேஸ், என் கையைப் பிடித்துக்கொண்டு அடிக்கடி வாங்க ஐயா என்றார். வருகிறேன் என்று சொன்னேன். இப்படி வருவேன் என்று அவரும் நினைத்திருக்க மாட்டார். நீ எதற்கு வந்தாய் என்று கேட்பார்கள், ஒவ்வொருவரும் தன் தன் பெரிய பெரிய காரியத்தைச் சொல்லி முடித்தபின் நான் சொல்ல வேண்டும், ஒரு கல்யாணம் செய்து வைத்தேன், சில நிமிடம் தாமதம். சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஆனால் எப்சி? இன்னும் இரண்டு வருடத்தில் ஓய்வு. ஊர் ஊராக ஒன்பது ஐயர் வீடு மாறியாயிற்று, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு எலுமிச்சை நட்டாள், ஒன்றில்கூடக் காய் பறிக்கும்வரை இருந்ததில்லை. இந்த வீட்டில்தான் முதல் தடவையாகப் பூ வைத்திருக்கிறது. கேஸ் என்று வந்தால் முதல் வேலையாக வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள். பயமாகத்தான் இருக்கிறது, இல்லை என்று சொல்ல முடியாது. ஏழு ஆனதும் கையை விரித்துவிடலாம், சட்டம் இடம் கொடுக்கவில்லை, ஈஸ்டருக்குப் பிறகு பார்ப்போம் என்று. யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. மூடியை மாற்றியது யார் என்பது எனக்கும் எப்சிக்கும் மட்டும்தான் தெரியும். அதனால்தான் கையை விரிக்க மனம் வரவில்லை.

பக்கத்துத் தெருப் பள்ளிவாசலில் பாங்கு சொல்கிறார்கள், கடிகாரத்தில் ஆறு நாற்பத்தைந்து. வழக்கமாக ஆறரைக்கே கேட்கும், இன்று ஊரே தாமதம் போலும். மாசிலாமணி பக்கவாட்டுக் கதவு வழியாகக் குனிந்தபடி வருகிறார், அவர் குனிந்து வந்தால் யார் கண்ணுக்கும் தெரியமாட்டார் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. என் காதருகே வந்து, "ஐயரே, சேல கெடச்சிட்டாம். வேனு ரயில்வே கேட்டத் தாண்டிட்டு. பொண்ணு வேனுக்குள்ளயே கெட்டிக்கிட்டு வருதாம்," என்கிறார். ஓடுகிற வேனுக்குள் ஒரு பெண் கூறைச்சேலை கட்டுகிறாள், நாலு பெண்கள் போர்வையைப் பிடித்துக்கொண்டு நிற்க, மடிப்பு எடுக்கிற நேரத்தில் ஓட்டுநர் பள்ளத்தில் விடுகிறார். மாசிலாமணி போகவில்லை, மணி என்னவாம் என்று அவரிடம் கேட்டுவிடலாமா என்று நாக்கு நுனி வரை வருகிறது. கேட்கவில்லை. ஆராதனை நடுவில் ஐயர் மணி கேட்டார் என்றால் அதற்கே ஒரு மனு போகும், தவிர ஏசுவடியான் சாருக்கு நான் பயப்படுகிறேன் என்று தெரிந்துவிடும். எதிரே கடிகாரம் தொங்கும்போது மணி கேட்பானேன் என்று மாசிலாமணியே சிரிப்பார். வெளியே ஹாரன். ஒரு ஹாரன் இல்லை, விடாமல் ஒரே ஹாரன், பிறகு பெண்களின் சத்தம், பட்டாசு. ஜெபத்துரை துள்ளி எழுந்து, எழக் கூடாது என்று நினைத்து உட்கார்ந்து, மறுபடி எழுகிறான். ஆறு நாற்பத்தொன்பது.

நடந்து வா பெண்ணே, நடந்து வா, ஓடினாலும் நான் தப்பு சொல்லமாட்டேன். ஆனால் முன்னால் வீடியோக்காரர் பின்பக்கமாக நடந்துகொண்டே மெதுவா, மெதுவா என்று கையைக் காட்டுகிறார், அவரை அப்படியே தூக்கி வெளியே வைக்க ஆண்டவரிடம் மன்றாடுகிறேன். சந்தன நிறம், ரோஜாக் கரை, மடிப்பு ஒன்று கோணல், நெற்றியில் வியர்வை, முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. அவனைப் பார்க்கிறாள். அவன் சேலையைப் பார்க்கிறான். நாற்பத்து இரண்டாவது சேலை. அவன் உதடு துடிக்கிறது, கப்பலில் நூறு பேருக்குச் சமைக்கிற ஆள், சின்னப் பிள்ளையைப் போல மூக்கை உறிஞ்சுகிறான். ஆறு ஐம்பத்து நாலு. புத்தகத்தைத் திறக்கிறேன். முன்னுரை நீளம், திருமணத்தின் மேன்மை, அதன் நோக்கங்கள், இந்த முன்னுரையை எழுதியவருக்கு ஏழு மணி கவலை இருந்திருக்காது. ஒரு வரியையும் விடக் கூடாது, விட்டால் அது வேறு கேஸ். வேகமாக வாசிக்கிறேன், என் வாயா இது என்று எனக்கே ஆச்சரியம். தடை சொல்ல யாராவது உண்டா என்று கேட்டுவிட்டு நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துகிறேன், இந்த மௌனம் இவ்வளவு நீளமாக எப்போதும் இருந்ததில்லை. ஏசுவடியான் சார் இருமுகிறார். வெறும் இருமல்தான். மாப்பிள்ளையைக் கேட்கிறேன், சம்மதம் என்று கோயில் அதிரச் சொல்கிறான். பெண் பக்கம் திரும்பி நிமிரும்போது முள் இரண்டும் எனக்கு நேரே நிற்கின்றன. ஏழு. சரியாக ஏழு. புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டு நிற்கிறேன். கல்யாணம் எந்த நிமிடத்தில் நடக்கிறது? சம்மதத்திலா, தாலியிலா, நான் அறிவிக்கிறதிலா? சம்மதத்தில் என்றால் பாதி கல்யாணம் சட்டத்துக்கு உள்ளே, பாதி வெளியே. இப்போது நிறுத்தலாம். இப்போதுகூட நிறுத்தலாம். கெத்சியாள் என்னை நிமிர்ந்து பார்க்கிறாள், அவசரமே இல்லாத பார்வை, வகுப்பில் பதில் தெரியாத பிள்ளைக்கு நேரம் கொடுக்கிற டீச்சரின் பார்வை. இந்தப் பெண்ணுக்காக ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அழுது ஜெபித்தேனே. அந்த ஜெபத்துக்கு ஆமென் சொல்லிவிட்டு இப்போது பின்வாங்கினால் நான் யார்? எப்சியைத் தேடுகிறேன், ஜன்னல் ஓரத்தில் இருக்கிறாள், தலையை மெல்ல ஆட்டுகிறாள், நடத்துங்கள் என்று. கேட்கிறேன். சம்மதம் என்கிறாள். முள் ஏழைத் தாண்டி அசைகிறது. சட்டென்று பயம் போய்விட்டது. வேகமும் போய்விட்டது. இனி எதற்கு அவசரம், மூன்று வருடம் என்று ஆனபிறகு நிறுத்தி நிதானமாகச் செய்யலாமே. ஒவ்வொரு சொல்லையும் எடுத்து வைக்கிறேன். தாலியை எடுத்து உயர்த்தி, வாய்விட்டு ஜெபித்து, அவன் கையில் கொடுக்கிறேன். அவன் கட்டுகிறான், நாத்தனார் முடிச்சை இறுக்குகிறாள். இருவர் கையையும் சேர்த்துப் பிடித்து, இவர்கள் கணவனும் மனைவியும் என்று அறிவிக்கிறேன், ஒலிபெருக்கி இல்லாமலே கடைசி பெஞ்சு வரை கேட்கிறது. இந்த ஊழியத்தில் எத்தனையோ கல்யாணம் நடத்தியிருக்கிறேன், இப்படி ஒரு சந்தோஷத்தோடு ஒன்றையும் நடத்தவில்லை. ஏழு மணி ஆறு நிமிடம்.

பதிவேட்டு அறை. பாட்டுச் சத்தம் கதவுக்கு அந்தப் பக்கம். அரசாங்கப் படிவத்தில் நேரத்துக்கு என்று இடம் கிடையாது, எங்கள் கோயிலில் மட்டும், சட்டத்தைச் சட்டம் போட்டு மாட்டிய அந்தப் பழைய ஐயர் ஓரத்தில் கோடு இழுத்து நேரம் என்று ஒரு கட்டம் சேர்த்துவிட்டுப் போயிருக்கிறார். ஆறு ஐம்பத்தைந்து என்று எழுதலாம். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தவன் நான் ஒருவன். பேனா அந்தக் கட்டத்துக்கு மேல் கொஞ்ச நேரம் நிற்கிறது. மாலை 7.06 என்று எழுதுகிறேன். மாப்பிள்ளையும் பெண்ணும் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓரமாக நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், இடி விழுந்தாலும் அவர்களுக்குக் கேட்காது. மாப்பிள்ளை பக்கத்துச் சாட்சி போட்டாயிற்று. ஏசுவடியான் சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிகிறார், பேனாவை வைத்தவர் அப்படியே நிற்கிறார்.

"ஐயரே, இந்த நேரம் தப்பு."

"தப்பில்ல சார். அதான் நேரம். தெரிஞ்சுதான் நடத்துனேன்."

அவர் என்னைப் பார்க்கிறார். பிறகு இடது கையை நீட்டித் தன் கைக்கடிகாரத்தை என் மூக்குக்கு நேரே கொண்டுவருகிறார். ஆறு ஐம்பத்து நாலு. வினாடி முள் ஓடிக்கொண்டிருக்கிறது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, நின்றுபோன கடிகாரம் இல்லை, ஓடுகிறது, ஆறு ஐம்பத்து நாலு.

"உங்க கடியாரம் கால் மணி நேரம் வேகம்," என்கிறார் சார். பள்ளிக்கூடத்தில் அவரிடம் மாட்டிக்கொண்ட பையன்கள் நின்ற மாதிரி இப்போது அவர் நிற்கிறார். "நாலு வருசமா அப்படித்தான். நான் செயலரா இருக்கும்போது வைக்கச் சொன்னேன். பிரசங்கம் வெரசா முடியணும்னு."

மாசிலாமணியைப் பார்க்கிறேன். அவர் மேல்கூரையைப் பார்க்கிறார். கமிட்டி சொன்னது, தான் வைத்தது, அவ்வளவுதான் என்று கூரையிடம் சொல்கிறார். மணி அடிப்பது தன் செல்போனைப் பார்த்து, முள் வைப்பது கமிட்டி கணக்கில் என்று விளக்கமும் கொடுக்கிறார். அப்படியானால் என் மூன்றாம் குறிப்புகள். நாலு வருடத்து மூன்றாம் குறிப்புகள். வாசலில் எப்சி வந்து நிற்கிறாள், அவள் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது, ஆனாலும் கேட்கிறேன், உனக்கும் தெரியுமா என்று.

"ஊருக்கே தெரியும்," என்கிறாள். "ரெண்டு குறிப்புலயே நல்லா நெறஞ்சிருதுல்லா, அதான் சொல்லல."

ஜன்னலோரத்தில் அவள் தலையை ஆட்டியது இதற்குத்தானா, நேரம் இருக்கிறது, நடத்துங்கள் என்று? சார் சிரித்ததும் இதற்குத்தானா, மனுஷன் வீணாக வேர்த்துக்கொண்டு நிற்கிறார் என்று? சூரியனும் பாங்கும் சரியான நேரத்துக்குத்தான் வந்திருக்கின்றன, நான்தான் முன்னால் ஓடியிருக்கிறேன். சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பி வருகிறது, மேஜையைப் பிடித்துக்கொள்கிறேன். எப்சியும் சிரிக்கிறாள், மாசிலாமணி வாயைப் பொத்திக்கொள்கிறார். சார் மட்டும் சிரிக்கவில்லை. அவர் இன்னும் அந்த 7.06-ஐப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"ஐயரே, ஏழு தாண்டிட்டுன்னு நெனச்சிக்கிட்டேவா தாலிய எடுத்துக் குடுத்திய?"

"ஆமா சார்."

"மூணு வருசம்லா."

"தெரியும் சார். சேலப்பெட்டி மூடிய மாத்தி வச்சது நான்தான்."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, குனிந்து, மனுக்களின் அடியில் நான் பல தடவை பார்த்த அதே பெரிய கையெழுத்தைச் சாட்சிக் கட்டத்தில் போடுகிறார். நிமிர்ந்து, என்னிடம் இல்லை, மாசிலாமணியிடம் சொல்கிறார்: "நாளைக்கு ஆராதனைக்கு, கடியாரத்துக்குச் சாவி குடுக்காண்டாம். ஐயரு பேசட்டும்."

எல்லோரும் வெளியே போகிறார்கள், பெண்ணும் மாப்பிள்ளையும் முன்னால், பட்டாசு மறுபடி வெடிக்கிறது. நான் பதிவேட்டைத் திருத்த வேண்டும். 7.06-இன் மேல் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் 6.51 என்று எழுதி, திருத்தத்துக்கு என் கையெழுத்தையும் தேதியையும் போடுகிறேன். சட்டப்படி நான் ஒன்றும் செய்யவில்லை. நேரத்துக்கு ஒரு கல்யாணம் நடத்தினேன், அவ்வளவுதான், எலுமிச்சை காய்க்கும்வரை இந்த வீட்டில் இருக்கலாம். நிம்மதியாக இருக்கிறது, அதன் கூடவே என்னிடமிருந்து எதையோ வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று ஒரு சின்னக் குறையும் இருக்கிறது, அதையும் ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். கோட்டுக்கு அடியில் 7.06 நன்றாகத் தெரிகிறது. இன்னும் இரண்டு தடவை அழுத்தி அடித்தால் மறைந்துவிடும். பேனாவை மூடிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறேன்.